சக்கரம் ஓர் அளவுகோல்



கடந்த மே மாதத்தில் நம்முடைய வாலிபர் ஐக்கியத்தார் ஒரு நாள் கூடுகைக்காக ஏற்காட்டிற்குச் சென்றபோது நானும் உடன் சென்றேன். சேலத்திலிருந்து மலையேறும் அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நம் சபையின் வாலிபர் ஒருவருடைய மாருதி ஸ்விஃப்ட் காரில் நாங்கள் ஐந்து பேர் அமர்ந்திருந்தோம். பின்புறத்தில் சமையல் பாத்திரங்களும் அரிசி மூட்டையும் இருந்தன. முதல் சில வளைவுகளிலேயே முன்சக்கரத்தின் பக்கமாக ‘கர்ர்’ என்றொரு சத்தம் எழுந்தது. எட்டாவது வளைவை அடைவதற்குள் ரப்பர் தேய்ந்து கருகும் வாடை காருக்குள் வந்துவிட்டது. ஓரமாக நிறுத்திப் பார்த்தோம். வலப்புற முன்டயரின் தோள்பகுதியில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் அறுந்திருந்தது. சக்கரத்திற்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை விழுந்திருந்தது. நானும் இன்னொருவரும் இறங்கி வேறு வாகனத்தில் ஏறிக்கொண்டோம். பாரம் குறைந்த பின்பு கார் ஊர்ந்தபடி மேலே வந்து சேர்ந்தது. தேவனுடைய கிருபையால் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை.

நான் சொல்ல வெட்கப்படும் காரியம் ஒன்று உண்டு. அந்தச் சம்பவத்திற்கு மூன்று வாரங்களுக்கு முன், அந்தத் தம்பி புதிய அலாய் சக்கரங்களையும் பெரிய டயர்களையும் பொருத்திக்கொண்டு, ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்திலே என்னிடம் காட்டினார். “நன்றாக இருக்கிறதா ஐயா?” என்றார். “மிக அழகாக இருக்கிறது தம்பி” என்றேன். ஜெபமும் செய்தேன். இந்த மாற்றத்தினால் காரில் வேறு எவையெல்லாம் மாறின என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. மலைச்சாலையின் ஓரத்தில் நின்றபோதுதான் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. அதன்பின் டயர்க் கடையில் அனுபவமுள்ளவர்களிடம் கேட்டும், கணக்குப் போட்டுப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றையே இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். நம் சபையில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. சக்கரத்தை மாற்றும் ஆசையும் கூடவே பெருகிவருகிறது. ஆகவே இதைப் பேசுவது ஒரு போதகனுக்குப் புறம்பான காரியமென்று நான் எண்ணவில்லை.

முதலாவது, உங்கள் டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்துக்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 2018-இல் வெளிவந்த ஸ்விஃப்ட் காரின் ஆரம்ப நிலை மாடல்களில் 165/80 ஆர்14 என்னும் டயர் வந்தது. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம். அது அகலத்தின் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மின் விட்டத்தோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களின் உயரத்தைக் கூட்டினால் முழுச் சக்கரத்தின் விட்டம் கிடைக்கும்: ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். அதே காரின் உயர்நிலை மாடலில் நிறுவனமே 185/65 ஆர்15 டயரைப் பொருத்தியது. அதையும் கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 621 மில்லிமீட்டர். ரிம் ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறது. அகலம் 20 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. ஆனாலும் முழு விட்டம் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. காரைப் படைத்தவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மாற்றினார்கள், விட்டத்தையோ காத்துக்கொண்டார்கள்.

நம் தம்பியின் காருக்குக் கடைக்காரர் பொருத்தியது 205/60 ஆர்16. அதன் விட்டம் 652 மில்லிமீட்டர். பழைய அளவைக் காட்டிலும் ஐந்து சதவீதத்திற்குச் சற்றே அதிகம். அகலமோ 40 மில்லிமீட்டர் கூடிற்று. காலியான காரைச் சமதரையில் நிறுத்திப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே தோன்றியது. பாரம் ஏறி ஸ்பிரிங் அமிழ்ந்து, வளைவிலே ஸ்டியரிங் முழுவதும் திரும்பியபோது, டயர் அசைவதற்கு அங்கே இடமில்லை. கடை வாசலில் தெரியாத குறையை மலைப்பாதை வெளிப்படுத்திற்று.

பதினாறு அங்குல ரிம்மே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கூடும். 195/55 ஆர்16 என்னும் டயரை எடுத்திருந்தால் விட்டம் 621 மில்லிமீட்டராகவே நின்றிருக்கும். ஆனால் அப்போது பக்கச்சுவரின் உயரம் 132-இலிருந்து 107 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். இங்கேதான் இந்த முழுக் காரியத்தின் இருதயம் இருக்கிறது. ரிம் பெரிதாகும்போது ஒன்று டயரின் மெத்தை மெலிய வேண்டும், அல்லது முழுச் சக்கரமும் வளர வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. எதையும் இழக்காமல் பெரிய ரிம்மைப் பெறலாம் என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், இழப்பை அவர் உங்களுக்குச் சொல்லாமல் விட்டார் என்றே பொருள்.

முழுச் சக்கரம் வளர்ந்தால் நேருவது என்ன? சக்கரம் காரைத் தாங்குவது மட்டுமல்ல, காரின் அளவுகோலும் அதுவே. ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டுமே அது அறியும். ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று தொழிற்சாலையில் அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். நீங்கள் சக்கரத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் கார் கூடுதலாக ஓடுகிறது. கருவியோ பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் தம்பியின் கார் பழைய சக்கரத்தில் 100 கிலோமீட்டர் ஓடிய அதே சுற்றுகளில் புதிய சக்கரத்தில் 105 கிலோமீட்டர் ஓடிவிடும். முள் காட்டும் எண் மட்டும் மாறாது.

இதை மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்திற்குக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்பது வாகனங்களுக்கான ஐக்கிய நாடுகளின் 39-ஆம் ஒழுங்குவிதி. சற்று அதிகமாகக் காட்டலாம், குறைத்துக் காட்டலாகாது. ஆகையால் பல கார்களில் முள் உண்மையைவிடச் சற்று மேலேயே நிற்கும்படி அமைக்கிறார்கள். பெரிய சக்கரம் முதலில் அந்தப் பாதுகாப்பு இடைவெளியை விழுங்குகிறது. அதற்குமேலும் வளர்ந்தால் கருவி பொய் சொல்லத் தொடங்குகிறது. அந்தப் பொய்யை ஓட்டுநர் நம்புகிறார். விட்ட மாற்றம் மூன்று சதவீதத்தைத் தாண்டலாகாது என்று டயர் தொழிலில் உள்ளவர்கள் பொதுவாகச் சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஓடோமீட்டரும் இதே கணக்கைத்தான் நம்புகிறது. அது 50,000 கிலோமீட்டர் என்று காட்டும்போது அந்தக் கார் 52,500 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருக்கும். பின்பு அந்தப் பழைய சக்கரங்களையே மாட்டி அதை ஒருவருக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் அந்த எண்ணைப் பார்த்துப் பணம் தருகிறார். ஒரு வியாபாரி தன் பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்களை வைத்திருக்கலாகாது என்று உபாகமம் 25-ஆம் அதிகாரம் தடைசெய்கிறது. படியிலும் எடைக்கல்லிலும் மாத்திரம் அந்தக் கட்டளை நின்றுவிடுகிறதா? நம்முடைய காலத்தின் எடைக்கற்கள் டாஷ்போர்டிலும் இருக்கின்றன. வேண்டுமென்று நாம் ஏமாற்றாதிருக்கலாம். ஆனால் நம் கையால் மாற்றிய அளவுகோலுக்கு நாமே பொறுப்பாளிகள். அப்படிப்பட்ட காரை விற்க நேர்ந்தால், வாங்குகிறவரிடம் அதை வாய்திறந்து சொல்லுங்கள்.

அடுத்ததாக, பிரேக்கைக் குறித்துச் சிந்திப்போம். குயவனின் சக்கரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பாரமெல்லாம் விளிம்பிலே இருக்கும். ஒருமுறை கோலால் சுழற்றிவிட்டால் நெடுநேரம் நிற்காமல் சுழலும். குயவனுக்கு அது தேவை. கார் ஓட்டுகிறவருக்கோ, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் சக்கரம் தேவை. பெரிய ரிம்மும் அகன்ற டயரும் பெரும்பாலும் பாரத்தைக் கூட்டுகின்றன. அந்தப் பாரத்தை மையத்திலிருந்து தூரமாகவும் கொண்டுபோகின்றன. புறப்படும்போது என்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். நிறுத்தும்போது பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். பிரேக்கோ பழைய பிரேக்தான். மேலும், சக்கரத்தின் ஆரம் ஐந்து சதவீதம் கூடினால், அதே அழுத்தத்திற்குச் சாலையில் கிடைக்கும் தடுப்பு விசை ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறையும். ஏற்றத்தில் இழுவை குறைவதும் இதே காரணத்தினால்தான். தெருவிலே பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை ஓடிவரும் வேளையில், கடைசி ஓர் அடி தூரம் எத்தனை பெரியது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விட்டத்தைக் காத்துக்கொண்டு டயரை மெலிதாக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டயரின் பக்கச்சுவர் வெறும் ரப்பர் அல்ல. காற்றோடு சேர்ந்து அதுவே முதல் அதிர்வுதாங்கி. வர்ணம் பூசாத வேகத்தடைகளும், மழைக்காலத்தில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் குழிகளும், சாலையைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும் பாதாளச் சாக்கடை மூடிகளும் நிறைந்தவை நம் தெருக்கள். மெல்லிய பக்கச்சுவர் உள்ள டயர் ஒரு குழியின் விளிம்பில் மோதும்போது, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே அது நசுங்குகிறது. உள்ளே இருக்கும் இழைகள் அறுந்து, பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம்போல ஒரு வீக்கம் கிளம்பும். அந்த வீக்கம் வந்த டயரை எந்தப் பஞ்சர் கடையிலும் சீராக்க முடியாது. அது எந்த நேரத்திலும் வெடிக்கக்கூடும். ரிம்மும் வளையலாம், விரிசல் விடலாம். காருக்குள் அமர்ந்திருக்கும் வயதான தாயாரின் முதுகெலும்பு ஒவ்வொரு குழியையும் எண்ணும். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குச் சக்கரம் அழகு. உள்ளே இருக்கிறவர்களுக்கோ அது குலுக்கல். நம் வீட்டாரின் சௌகரியத்தைக் கொடுத்து அந்நியரின் பார்வையை வாங்குவது நல்ல வியாபாரமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிம்மைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் தேவை. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்தினால் போதுமென்று பலர் எண்ணுகிறார்கள். நடுத்துளை ஹப்பில் இறுக்கமாக அமர வேண்டும். துளை பெரிதாக இருந்தால் அதற்குரிய வளையம் வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பேரிங்கின்மேல் பாரம் கூடும். மழையிலே சேறு பின்னால் வருகிறவரின்மேல் தெறிக்கும். ரிம்முக்கும் பாரம் தாங்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பும் தரச்சான்றின் குறியும் ரிம்மில் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றும் பொறிக்கப்படாத மலிவான ரிம்மை, எத்தனை பளபளப்பாக இருந்தாலும், வாங்காதேயுங்கள். டயரிலே அளவுக்கு அடுத்து வரும் எண் பாரத்தின் குறியீடு: 85 என்றால் அந்த ஒரு டயர் 515 கிலோ தாங்கும். புதிய டயரின் எண் பழையதைவிடக் குறைவாயிருக்கலாகாது. சக்கரம் மாற்றியபின் நூறு கிலோமீட்டர் அளவு ஓடியதும் நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதேயுங்கள். நான்கு சக்கரங்களையும் மாற்றிவிட்டு டிக்கியில் பழைய சிறிய சக்கரத்தையே வைத்திருக்கிறவர்கள் அநேகர். நடுஇரவிலே நெடுஞ்சாலையில் பஞ்சர் ஆகும்போதுதான் அது வேறு அளவு என்பது நினைவுக்கு வரும். ஓர் அச்சின் இருபுறமும் வெவ்வேறு விட்டமுள்ள சக்கரங்கள் ஓடினால் கார் ஒருபக்கமாக இழுக்கும். சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு இயங்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் குழம்பக்கூடும்.

சட்டத்தைக் குறித்தும் சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி ஒருவர் தம் வாகனத்தை மாற்றியமைக்கலாகாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதைத் திட்டமாக உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அந்த மாடலுக்கென்று நிறுவனமே தரும் அளவுக்குள் நின்றுகொண்டால் உங்களுக்குக் கலக்கமில்லை. அதைத் தாண்ட எண்ணினால், வாங்குமுன்னே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்; காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுத்திலே தெரிவியுங்கள். விபத்து நேர்ந்தபின் இழப்பீட்டைக் குறித்து வழக்காடுவதைவிட, முன்னதாகக் கேட்பது எளிது.

இத்தனையும் வாசித்தபின், “போதகர் வாலிபரின் சந்தோஷத்திற்கு விரோதமாகப் பேசுகிறார்” என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியல்ல. அழகை விரும்புவது பாவமன்று. சற்று அகன்ற, சற்று மெலிந்த டயர் உலர்ந்த சாலையில் வளைவுகளை உறுதியாகப் பிடிக்கும். ஸ்டியரிங் உடனே கீழ்ப்படியும். நிறுவனமே உயர்நிலை மாடலில் பெரிய ரிம்மைத் தருவது வீணுக்கல்ல. என் கருத்து இதுதான்: காரைப் படைத்தவர்கள் அந்த மாடலுக்குத் தந்திருக்கும் மிகப்பெரிய அளவுதான் உங்கள் ஆசைக்கும் எல்லை. அந்த எல்லைவரை தாராளமாகச் செல்லுங்கள். அதற்கு அப்பால் செல்ல வேண்டுமென்று கடைக்காரர் சொன்னால், அவர் அந்தக் காரில் உங்கள் பிள்ளைகளோடு மலையேறப் போவதில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைக் குறித்து நம் ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் பேசினார். சக்கரத்தின் செலவு ரசீதில் எழுதியிருக்கும் தொகை மட்டுமல்ல. நிற்கும் தூரம், வீட்டாரின் முதுகு, எரிபொருள், மீட்டரின் உண்மை, பின்னால் வருகிறவரின் பாதுகாப்பு ஆகிய இவையும் அந்தச் செலவில் அடங்கும். கணக்குப் பார்ப்பதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்: பழைய டயரின் விட்டத்தை எழுதுங்கள், புதியதன் விட்டத்தை எழுதுங்கள், வித்தியாசத்தைப் பாருங்கள். பின்பு காரில் ஐந்து பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி, சக்கரம் எங்கும் உரசாமல் சுற்றுகிறதா என்று கடையை விட்டுப் புறப்படுமுன்னே பாருங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் செலவிடவில்லை. ஆகவே ஏற்காட்டுச் சாலையின் ஓரத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம்.

அந்தத் தம்பி இப்போது 185/65 ஆர்15 டயரும் அதற்குரிய ரிம்மும் மாட்டியிருக்கிறார். கடைக்காரர் பழையவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். பாதி விலைக்கே அவை போயின. நஷ்டம்தான். ஆனாலும் சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் தம் மனைவியையும் பிள்ளைகளையும் தாயாரையும் ஏற்றிக்கொண்டு ஆலயத்திற்கு வந்தார். இறங்கியதும் அந்தத் தாயார் என்னிடம், “இப்போதுதான் ஐயா, முதுகு வலிக்காமல் வந்தேன்” என்றார்கள். மகன் தலைகுனிந்து சிரித்தார். இத்தனை வாரங்களாக அவர்கள் வலியைச் சொல்லவில்லை. மகன் ஆசையோடு வாங்கியது என்று பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, “அழகாக இருக்கிறது தம்பி, அம்மாவை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாயா?” என்பதே. இனி யாராவது புதிய சக்கரங்களோடு ஆலய வளாகத்திற்கு வந்தால் ஜெபத்திற்கு முன்னே அந்தக் கேள்வியைக் கேட்பேன். உங்கள் வீட்டு வாலிபரிடம் நீங்களும் கேளுங்கள்.

உங்கள் பயணங்களைக் கர்த்தர் காத்துக்கொள்வாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்